ஔவையாய் மீண்ட குரல்: கொடுமுடி கோகிலம் கே.பி.சுந்தராம்பாள்

தகடூர் நாடு ஔவையின் நாடு. இன்றைய தருமபுரி, கிருட்டினகிரி மாவட்டங்களின் பெரும்பகுதி அதியமான் நெடுமான் அஞ்சியின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது என்பது சங்க இலக்கியம் கற்றோர் அறிந்த செய்தி. அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது புலவர்க்கு ஈந்த வள்ளலும், அதனைப் பெற்று அவனைப் பாடிய புலமைச் செல்வியும் வாழ்ந்த மண் இது. ஓசூரில் ஆலைகளின் சங்கொலி எழுந்து, தமிழகத்தின் எல்லா மாவட்டத்தாரும் வந்து குடியேறி, தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் ஒலிக்கும் இக்காலத்திலும் ஔவை, அதியமான் என்னும் பெயர்கள் இப்பகுதித் தமிழர்க்குப் பெருமிதம் தருவன.

ஆயினும் ஔவை என்றவுடன் இருபதாம் நூற்றாண்டின் தமிழர் நெஞ்சில் எழுந்த உருவம் புறநானூற்றிலிருந்து எழுந்ததன்று. வெண்ணிற ஆடை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் கோல், தளராத நடை, மலையில் பட்டு எதிரொலிப்பது போன்ற உச்சத்தொனி ஆகியவையே அவ்வுருவம். அதனைத் தமிழர்க்குத் தந்தவர் கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள். அஞ்செட்டிக் காடுகளை ஒட்டித் தமிழக எல்லைக்குள் வரும் காவிரி, ஒகேனக்கல்லில் வீழ்ந்து, மேட்டூரைக் கடந்து, தெற்கு நோக்கிய போக்கினை விட்டுக் கிழக்கே திரும்பும் இடம் கொடுமுடி. அங்குப் பிறந்த அம்மையாரின் வாழ்வும் பலமுறை திசை திரும்பியது. பாடுவதை விட்டு விலகுவதும், ஆண்டுகள் பல கழிந்தபின் புதிய பாடல்களோடு மீண்டு வருவதுமாக அமைந்தது அவ்வாழ்வு. ஒவ்வொரு முறையும் அவர் எவ்வுருவில் மீண்டார், அவ்வுருவில் மட்டுமே மீள முடிந்தது ஏன் என்னும் வினாக்கள் அவரது இசையைப் போலவே சிந்திக்கத் தக்கவை.

பசியும் பாட்டும்

சுந்தராம்பாள் 1906ஆம் ஆண்டு கொடுமுடியில் பிறந்தார். தாயார் பெயர் பாலாம்பாள். தந்தையின் துணை இல்லாத குடும்பம். கனகசபாபதி என்னும் தம்பியும் சுப்பம்மாள் என்னும் தங்கையும் உடன் வளர்ந்தனர். சுந்தரர் நமச்சிவாயத் திருப்பதிகம் பாடிய தலம் கொடுமுடி. அத்தலத்தில் பிறந்த சிறுமிக்குப் பாட்டு, வழிபாட்டிற்கு முன்னதாக வயிற்றுப்பாட்டிற்கே பயன்பட்டது. ஓடும் இரயில் வண்டிகளில் பாடி, பயணிகள் தரும் காசினைத் தாயிடம் கொண்டுவந்து சேர்த்தார்.

இரயில்வேயில் உயர் அலுவலராகவும் நாடகப் பற்றாளராகவும் விளங்கிய திருச்சி எஃப்.ஜி.நடேச ஐயர் இச்சிறுமியின் குரலைக் கேட்டு வியந்து நாடக மேடைக்கு வழிகாட்டினார் என்பர். வேலு நாயர் நாடகக் குழுவில் சேர்ந்த சுந்தராம்பாள் நல்லதங்காள் நாடகத்தில் அவளுடைய மூத்த மகனாக வேடம் ஏற்றார். பஞ்சத்தால் பிறந்தகம் தேடிச் செல்லும் தாயிடம் பசியைச் சொல்லி அழும் பாலகனின் பாட்டு அது. பசியை நடித்துக் காட்ட அச்சிறுமிக்கு ஆசிரியர் எவரும் தேவைப்படவில்லை. கேட்டவர்கள் கண்ணீர் விட்டனர். மேடை அவரை ஏற்றுக்கொண்டது.

அக்கால நாடக மேடையின் இயல்பை அறிந்தால்தான் அக்குரலின் பெருமை விளங்கும். இரவு பத்து மணிக்குத் தொடங்கும் நாடகம் விடியும் வரை நடைபெறும். ஒலிபெருக்கி கிடையாது. கொட்டகையின் கடைசி வரிசையில் மணலில் அமர்ந்திருப்பவன் செவிக்கும் சொல் தெளிவாகச் சென்று சேர வேண்டும். ஆர்மோனியத்தின் ஐந்து கட்டைச் சுருதியில் நின்று பாடுவது பெருமைக்குரியதாகக் கருதப்பட்டது. சங்கரதாசு சுவாமிகள் (1867–1922) இயற்றிய வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி முதலிய நாடகங்களே பெரும்பாலும் நடந்தன. தனித்தனிக் குழுவினரான நடிகர்கள் ஓர் இரவுக்கு மட்டும் ஒன்றுகூடி, ஒத்திகை இன்றியே நடிக்கும் ஸ்பெஷல் நாடகங்களில், எதிரே நிற்பவர் தொடுக்கும் பாட்டுக்கு அக்கணமே பாட்டால் விடையிறுக்கும் ஆற்றல் வேண்டும். அத்தகைய ஆற்றல் வாய்ந்த நடிகையராக இருபது வயதிற்குள்ளாகவே சுந்தராம்பாள் விளங்கினார். இலங்கையிலும் அவர் புகழ் பரவியது.

இரு குரல்கள்

1926ஆம் ஆண்டளவில் கொழும்பு மேடையில் சுந்தராம்பாளும் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பாவும் இணைந்தனர். கிட்டப்பாவும் 1906ஆம் ஆண்டில் பிறந்தவர். சிறுவயது முதலே மேடை ஏறி, கருநாடக இசைவாணர்களும் வியக்கும் வண்ணம் பாடி வந்தவர். அவர் முன்னே நின்று பாட நடிகையர் தயங்கிய காலம். சுந்தராம்பாள் தயங்கவில்லை. வள்ளி திருமணத்தில் தினைப்புனம் காக்கும் வள்ளியும், அவளை நாடிவரும் வேலனும் தொடுத்த தருக்கப் பாடல்களைக் கேட்பதற்கென்றே ஊர் ஊராக மக்கள் வண்டி கட்டிச் சென்றனர். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுத்து, ஒருவர் எட்டிய உச்சத்தினை மற்றவர் கடந்து செல்லும் அப்போட்டியே அன்பாகவும் மலர்ந்தது. 1927ஆம் ஆண்டு இருவரும் மணம் புரிந்துகொண்டனர்.

கிட்டப்பாவுக்கு முன்னரே திருமணம் ஆகியிருந்தது. குல வேறுபாடும் இருந்தது. மேடையில் ஒத்த நிலையில் நின்ற இருவர் இல்வாழ்வில் அவ்வாறு நிற்க இயலவில்லை. பிரிவும், ஊடலும், உறவினரின் தலையீடும் மாறிமாறி வந்தன. பிறந்த குழந்தையும் நிலைக்கவில்லை. கணவருக்குச் சுந்தராம்பாள் எழுதிய மடல்கள் பிற்காலத்தில் வெளிப்பட்டபோது, கொட்டகையை ஆண்ட அப்பெண்ணின் தனிமைத் துயரம் தமிழ் உலகுக்குத் தெரியவந்தது. கிட்டப்பாவின் உடல்நலம் கெட்டது. 1933 டிசம்பர் 2ஆம் நாள், 27ஆம் வயதில் அவர் மறைந்தார். பேசும் படம் தமிழில் தோன்றி ஈராண்டுகளே ஆகியிருந்தன. அவர் உருவம் எந்தப் படத்திலும் இடம்பெறவில்லை. குரல் மட்டும் இசைத்தட்டுகளில் எஞ்சியது.

வெள்ளுடை

கணவர் மறைந்தபோது சுந்தராம்பாளுக்கும் வயது 27. நகைகளைக் களைந்தார். வெள்ளைச் சேலை உடுத்தார். திருநீறும் உருத்திராக்கமும் அணிந்தார். இனி எந்த ஆடவருடனும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். நாடக மேடை அவரை இழந்தது.

இம்முடிவினைக் கற்பின் உறுதி என்று அக்காலம் போற்றியது. அவர் கிட்டப்பாவிடம் கொண்டிருந்த அன்பு ஐயத்திற்கு அப்பாற்பட்டது. ஆனால் அன்பு ஒன்றை மட்டும் காரணமாகக் காண்பது முழுமையாகாது. கணவனை இழந்த பெண்ணை மங்கல நிகழ்வுகளிலிருந்து விலக்கி வைத்த சமுதாயம் அது. நாடக நடிகையை ஐயக் கண்ணோடு நோக்கிய சமுதாயமும் அதுவே. அவ்விரு நிலைகளும் ஒருங்கே வாய்த்த ஓர் இளம்பெண் வள்ளியாக மீண்டும் மேடை ஏறிக் காதற் பாட்டுப் பாடியிருப்பின், அதே கூட்டம் அவரை எவ்வாறு பேசியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வெள்ளுடை துயரத்தின் அடையாளம் மட்டுமன்று, காப்பாகவும் அமைந்தது. அதனை அணிந்த பின்னரே அவர் தனியொருவராக ஊர்களுக்குச் செல்லவும், ஊதியம் பேசவும், தம் சொற்படி நடக்கவும் வழி பிறந்தது. அதற்குக் கொடுத்த விலை இளமை.

நந்தனாராக மீளல்

மீண்டும் பாட வந்தபோது அவர் தேர்ந்த வழி, பெண் வேடமே ஏற்காத வழி. 1935ஆம் ஆண்டு வெளிவந்த பக்த நந்தனார் திரைப்படத்தில் அவர் நந்தனாராகவே நடித்தார். அசன்தாஸ் என்பவர் தயாரித்த அப்படத்தை மாணிக்லால் டாண்டன் இயக்கினார். சுந்தராம்பாளுக்கு வழங்கப்பட்ட ஊதியம் ஒரு இலட்சம் ரூபாய். தயாரிப்பாளரைத் தட்டிக் கழிக்கும் நோக்கில் அவர் கேட்ட தொகை அது என்றும், தயாரிப்பாளர் அதற்கும் இசைந்துவிட்டார் என்றும் கூறுவர். தமிழ்த் திரையுலகம் அதுவரை அறியாத தொகை. வேதியராக நடித்தவர் கருநாடக இசை மேதை மகாராசபுரம் விசுவநாத ஐயர். படத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட பாடல்கள்.

தருமபுரி, கிருட்டினகிரிப் பகுதியின் தெருக்கூத்துகளில் ஆடவர் திரௌபதியாக வேடம் கட்டுவது வழக்கம். பெண்ணொருத்தி ஆணாக நடித்து நூறாயிரம் ரூபாய் பெற்றது அதற்கு நேர்மாறான நிகழ்ச்சி. அதனினும் ஆழமான பொருத்தம் ஒன்று உண்டு. நந்தனார் தில்லைக் கோயிலின் புறத்தே நிறுத்தப்பட்டவர். காந்தியடிகள் அரிசன நிதிக்காகத் தமிழகம் முழுவதும் பயணம் செய்தது 1934ஆம் ஆண்டில். தாழ்த்தப்பட்டோர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் நுழைந்தது 1939இல். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தில், மணப்பந்தலில் முன்னிற்க உரிமையற்ற ஒரு பெண், கோயில் வாயிலில் நிற்க உரிமையற்ற ஒருவரின் ஏக்கத்தைப் பாடினார். அப்பாட்டில் உருக்கம் மிகுந்திருந்ததில் வியப்பில்லை.

படம் எதிர்பார்த்த வெற்றியைப் பெறவில்லை. கல்கி அதனைக் கடுமையாகத் திறனாய்வு செய்தார். திரை நடிப்பு என்னும் நுட்பம் மேடைக் கலைஞர்களுக்கு அப்போது பழகியிருக்கவில்லை. ஆயினும் சுந்தராம்பாளின் இசைக்கச்சேரிகளுக்குக் கூட்டம் குறையவில்லை. தீரர் சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் காங்கிரசு மேடைகளில் பாடினார். 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் ஊர் ஊராகச் சென்று பரப்புரை செய்தார். சொற்பொழிவாளர் சென்று சேர இயலாத சிற்றூர்களிலும் அவர் பாட்டு சென்று சேர்ந்தது. பின்னர் 1950களில் சட்ட மேலவை உறுப்பினர் பொறுப்பையும் வகித்தார். இரயிலில் பாடிக் காசு பெற்ற சிறுமி சட்டம் இயற்றும் அவையில் அமர்ந்தது, இந்தியத் திரைக்கலைஞர் வரலாற்றில் முன்னோடி நிகழ்ச்சி.

மணிமேகலையும் நெடிய மௌனமும்

1940ஆம் ஆண்டில் மணிமேகலை திரைப்படத்தில் நடித்தார். சாத்தனாரின் காப்பியத் தலைவி அரசகுமாரனின் காதலை மறுத்து, அறநெறியில் நின்று, அமுதசுரபி ஏந்திப் பசிப்பிணி தீர்த்தவள். நல்லதங்காளின் மகனாகப் பசியைப் பாடிய சிறுமி, பசி தீர்க்கும் பாத்திரத்தை ஏந்தும் பாத்திரமாகவே வளர்ந்து நின்றார்.

உதயகுமரனிடமிருந்து தப்புவதற்கு மணிமேகலை செய்வது என்ன என்பதையும் இங்கு நினைவு கூர்தல் வேண்டும். யானைத்தீ என்னும் தீராப் பசி நோயுற்ற காயசண்டிகையின் உருவத்தை அவள் மேற்கொள்கிறாள். தன் அழகிய உருவத்தை மறைத்த பின்னரே உலக அறவியில் அவளால் அறம் செய்ய முடிகிறது. இவ்வுருமாற்றம் சுந்தராம்பாளின் கலைவாழ்வில் மேலும் இருமுறை திரும்ப வந்தது.

மணிமேகலைக்குப் பின் பதின்மூன்று ஆண்டுகள் அவர் திரையில் தோன்றவில்லை. இடையே தமிழ்த் திரையும் தமிழகமும் பெரிதும் மாறின. 1943இல் தமிழிசைச் சங்கம் தோன்றி, தமிழ்ப் பாடல்களுக்குக் கச்சேரி மேடையில் உரிய இடம் கேட்டது. தமிழிலேயே பாடி வளர்ந்த நாடக மேடைக்கோ அது புதிய செய்தி அன்று. பின்னணி பாடும் முறை வேரூன்றியது. பாடத் தெரியாதவரும் நடிக்கலாம், நடிக்காதவரும் பாடலாம் என்னும் நிலை வந்தது. ஒலிவாங்கி மெல்லிய குரலுக்கும் வாழ்வளித்தது. ஐந்து கட்டையில் ஓங்கிப் பாடும் நாடகக் குரல்களின் காலம் முடிந்துவிட்டதாகவே பலரும் கருதினர். அக்கருத்து தவறு என்பதை 1953ஆம் ஆண்டு காட்டியது.

ஔவையார்

ஜெமினி எஸ்.எஸ்.வாசன் பெரும் பொருட்செலவில் பல ஆண்டுகள் முயன்று உருவாக்கிய ஔவையார் திரைப்படம் 1953 ஆகஸ்டு 15ஆம் நாள் வெளிவந்தது. கொத்தமங்கலம் சுப்பு இயக்கினார். இளமைக்கால ஔவையாக நடித்தவர் குசலகுமாரி. மணம் பேசி முடிக்கப்பட்ட நிலையில், அழகும் இளமையும் தமக்கு வேண்டா என்று அவள் விநாயகரிடம் மன்றாட, கன்னி மறைந்து மூதாட்டி தோன்றுகிறாள். அங்கிருந்து ஒலிப்பது சுந்தராம்பாளின் குரல்.

அப்போது அவருக்கு வயது 47. இருபது ஆண்டுகளாக வெள்ளுடையும் திருநீறுமே அவர் கோலம். வேடம் புனைய வேண்டிய தேவை மிகக் குறைவு. கதையில் ஓர் இமைப்பொழுதில் நிகழும் மாற்றம் அவர் வாழ்வில் முன்னரே நிகழ்ந்து முடிந்திருந்தது. அதனால்தான் கொட்டகையில் இருந்தோர் ஒரு நடிகை ஔவையாக நடிப்பதைக் காண்பதாக நினைக்கவில்லை. ஔவையையே கண்டதாக நம்பினர். பாரி மகளிரை விடுவிக்க யானைப்படை வந்து கோட்டையைத் தகர்க்கும் காட்சி படத்தின் பேரழகுகளுள் ஒன்று. எனினும் ஆயிரம் பேர் திரண்ட காட்சிகளைவிடத் தனியே நடந்து செல்லும் மூதாட்டியின் பாட்டே மக்கள் மனத்தில் நிலைத்தது. படம் பெருவெற்றி பெற்றது.

தகடூர் மண்ணில் நின்று நோக்கும்போது இங்கு ஒரு செய்தியைச் சொல்லாமல் விடுதல் முறையன்று. திரையில் தோன்றிய ஔவை ஒருவர் அல்லர். சங்ககாலப் புலவர், ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் அருளிய பிற்கால அறநூலாசிரியர், நாட்டார் கதைகளின் பாட்டி எனப் பல ஔவையர் ஓர் உருவில் இணைந்தவர் அவர். இவர்களுள் அதியமானின் ஔவை மூதாட்டியாக இருந்தார் என்பதற்குப் புறநானூற்றில் சான்றில்லை. அவரை விளிக்கும் பகைவேந்தன் மையுண்ட கண்ணும் ஒளி பொருந்திய நெற்றியும் உடைய விறலியாகவே விளிப்பதாக ஒரு பாட்டு அமைந்துள்ளது. அவர் அதியமானோடு அமர்ந்து கள் உண்டார். தொண்டைமானிடம் தூது சென்று, படைக்கலக் கொட்டிலைப் புகழ்வது போல் பழித்து வந்தார். வள்ளல் போரில் வீழ்ந்தபோது தமிழின் மிகச்சிறந்த கையறுநிலைப் பாட்டுகளுள் ஒன்றைப் பாடினார். ஆடலும் பாடலும் தொழிலாகக் கொண்ட ஒரு பெண் இளமையோடும் மதிப்போடும் அரசவைக்குள் செல்ல முடிந்த காலம் அது. பெண் தனித்து நடக்கவும் அறம் உரைக்கவும் முதுமையைக் கடவுளிடம் வரமாகக் கேட்டுப் பெற வேண்டும் என்ற கதை பின்னர் எழுந்தது. விறலி கிழவியானது தமிழ்ச் சமுதாயம் பெண்ணைப் பார்த்த பார்வையில் நேர்ந்த மாற்றத்தின் வரலாறு.

அந்த நீண்ட வரலாறு சுந்தராம்பாள் என்னும் ஒரு பெண்ணின் வாழ்வில் சுருங்கி நிகழ்ந்தது. 1933க்கு முன் அவர் விறலி. ஆடவருக்கு நிகராகத் தருக்கம் பாடி வென்றவர். அதன்பின் 27 வயதிலேயே அவர் ஔவை. எனவே ஔவையார் படத்தின் வெற்றியைப் பக்தியின் வெற்றி என்று மட்டும் கொள்ளாமல், பாட வேண்டும் என்ற வேட்கை கொண்ட ஒரு பெண் தமக்குத் திறந்திருந்த ஒரே வாயில் வழியே நுழைந்து அவை முழுவதையும் தம் வயமாக்கிக் கொண்ட வெற்றி என்றும் கொள்ளுதல் தகும்.

மீண்டும் மீண்டும்

ஔவைக்குப் பின்னும் ஒரு நீண்ட இடைவெளி. பதினோர் ஆண்டுகள் கழித்து 1964இல் மு.கருணாநிதியின் கதை வசனத்தில், ப.நீலகண்டன் இயக்கத்தில் பூம்புகார் வெளிவந்தது. எஸ்.எஸ்.இராசேந்திரன் கோவலனாகவும் விசயகுமாரி கண்ணகியாகவும் நடித்த அப்படத்தில் சுந்தராம்பாள் கவுந்தியடிகளாகத் தோன்றினார். அவர் முருக பக்தர்; காங்கிரசு மேடைகளில் வளர்ந்தவர். படத்தை ஆக்கியோர் பகுத்தறிவு இயக்கத்தைச் சார்ந்தவர்கள். ஏற்ற வேடமோ சமணத் துறவி. இம்மூன்றையும் ஒன்றாக நிறுத்தியது சிலப்பதிகாரமும் அவர் குரலும். புகார் நகர்விட்டு நீங்கிய இளந்தம்பதியரை மதுரைக்கு ஆற்றுப்படுத்தி, கோவலன் இறந்தான் எனக் கேட்டு உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட கவுந்தியின் பரிவு அப்பாடல்களில் வெளிப்பட்டது. ஒலிவாங்கிக்கு ஏற்பக் குரலைச் சுருக்கிக் கொள்ளாமல், மேடையில் பாடியவாறே பாடியும் புதிய தலைமுறையின் செவிகளை அவர் வென்றார்.

அடுத்த ஆண்டு, ஏ.பி.நாகராசனின் திருவிளையாடல். மீண்டும் ஔவை. மாங்கனி கிடைக்காது சினந்து மலையேறி நிற்கும் குமரனைத் தேற்றும் காட்சி. படத்தின் பிற பாடல்கள் கண்ணதாசன் இயற்றியவை. அக்காட்சிப் பாட்டு மட்டும் சங்கரதாசு சுவாமிகள் இயற்றியது. கே.வி.மகாதேவன் இசையில் அது ஒலித்தபோது, 1922இல் மறைந்த நாடக ஆசிரியரும், அழிந்துபோன ஸ்பெஷல் நாடகக் கொட்டகைகளும், மண்ணெண்ணெய் விளக்கொளியில் விடியும் வரை பாடிய தலைமுறையும் ஒரு மூதாட்டியின் தொண்டையில் உயிர்பெற்று எழுந்தன எனலாம். தகடூர் ஔவை கனியைப் பெற்றவர். பழனி ஔவை கனி பெறாத குழந்தையைத் தேற்றுபவர். தமிழ் மரபில் ஔவையோடு கனி நீங்காது இணைந்து வருவதை இலக்கிய அன்பர்கள் எண்ணி மகிழலாம்.

பின்னர் மகாகவி காளிதாஸ் (1966), கந்தன் கருணை (1967) முதலியவை தொடர்ந்தன. 1969இல் தேவரின் துணைவன் படத்தில் பாடியமைக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அவருக்கு வழங்கப்பட்டது. அப்போது வயது 63. அவ்விருதினை முதன்முதலில் பெற்றவர் பி.சுசீலா, அடுத்துப் பெற்றவர் சுந்தராம்பாள். ஒருவர் ஒலிவாங்கி வளர்த்த குரலின் நுண்மைக்கு எடுத்துக்காட்டு. மற்றவர் ஒலிவாங்கி இல்லாத காலத்துக் குரலின் ஆற்றலுக்கு எடுத்துக்காட்டு. அடுத்தடுத்த ஆண்டுகளில் இருவரும் ஒரே விருதினைப் பெற்றது பொருத்தமாக அமைந்தது. 1970ஆம் ஆண்டு நடுவணரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது.

1973இல் வெளிவந்த காரைக்கால் அம்மையார் படத்தில் அம்மையாராகவே நடித்தார். இளமைக்காலப் புனிதவதியாக இலட்சுமி நடித்தார். கணவன் பரமதத்தன் தன்னைத் தெய்வமெனக் கருதி விலகியபின், அவனுக்கெனச் சுமந்திருந்த உடலழகு இனி வேண்டா என்று இறைவனிடம் கேட்டுப் பேயுரு பெற்ற புனிதவதியின் வரலாறு பெரியபுராணம் கூறுவது. அம்மையார் பேயுரு பெற்றதற்கும் கனி ஒன்றே தொடக்கம். காயசண்டிகை உரு, மூதாட்டி உரு, பேயுரு என மூன்று உருமாற்றங்கள். மூன்று வெவ்வேறு நூற்றாண்டுகளின் தமிழ்ப் பெண்கள் மூவரும் தம் வழியில் நடப்பதற்கு உருவத்தை உதற வேண்டியிருந்தது. மூவரையும் திரையில் வாழ்ந்து காட்டும் தகுதி தமிழகத்தில் ஒருவருக்கே வாய்த்தது.

1980ஆம் ஆண்டு சுந்தராம்பாள் மறைந்தார்.

எஞ்சி நிற்பது

அம்மையாரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இருவகையினர். ஒரு சாரார் அவரைப் பக்தியின் திருவுருவாகப் போற்றி அங்கேயே நின்றுவிடுவர். மற்றொரு சாரார் கிட்டப்பாவின் காதற்கதையில் அவரை ஒரு பாத்திரமாக்கி நிறைவடைவர். இரண்டிலும் அவர் ஒரு தொழிற்கலைஞர் என்பது மறைந்து போகிறது. ஓர் இரவு நாடகத்தில் நூறு பாட்டுகளை நினைவில் நிறுத்தியவர், தம் குரலுக்குரிய விலையைத் தாமே வகுத்தவர், ஏற்கும் வேடத்தையும் ஏற்காத வேடத்தையும் தாமே தேர்ந்தவர் அவர். 1935, 1953, 1964 ஆகிய ஆண்டுகளில் மீண்டு வந்தபோதெல்லாம் பழைய புகழைக் காட்டி இடம் கேட்கவில்லை; புதிய பாட்டோடு வந்தார். காலத்திற்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொள்ளாமல், தமக்கு ஏற்ற பாத்திரத்தைக் காலம் கொண்டுவரும்வரை காத்திருந்தார். அக்காத்திருப்பு எளிதன்று. பதின்மூன்று ஆண்டுகளும் பதினோர் ஆண்டுகளும் குரலைப் பழுதுபடாமல் காத்தல் நாள்தோறும் செய்யப்படும் உழைப்பு.

அதே வேளையில் தமிழகம் இழந்ததையும் கணக்கிட வேண்டும். 27 வயது முதல் அவர் குரலில் காதல் இல்லை. வள்ளியின் குறும்பும் ஊடலும் எள்ளலும் பழைய இசைத்தட்டுகளின் கீறல் ஒலிகளுக்கு இடையே மட்டும் கேட்கின்றன. முப்பது வயதிலும் நாற்பது வயதிலும் அக்குரல் அகத்திணையைப் பாடியிருந்தால் எவ்வாறு இருந்திருக்கும் என்பதைத் தமிழ்ச் செவிகள் அறிய முடியாமலே போயிற்று. ஒரு பெண்ணின் கலையில் பாதியை மட்டுமே ஏற்றுக்கொள்ளத் துணிந்த காலத்தின் குறை அது, கலைஞரின் குறையன்று. பாதியைக் கொண்டே அவர் முழுமை எய்தினார் என்பது அவர் பெருமை.

தொழில் தேடி ஓசூர் வந்து, ஆலைகளில் ஆடவர்க்கு நிகராக வேலைமுறை மாறி வேலைமுறை உழைக்கும் இளம்பெண்கள் இன்று ஆயிரக்கணக்கினர். தனித்து வாழவும் தனித்து நடக்கவும் அவர்களுக்கு முதுமை என்னும் வரம் வேண்டியதில்லை. இளமையோடே மதிக்கப்படும் உரிமை அவர்களுக்கு உண்டு. அதியமானின் அவையில் அவ்வுரிமையோடு நின்ற விறலி ஒருத்தி இம்மண்ணுக்கு உரியவள். அவ்விறலிக்கு இருபதாம் நூற்றாண்டில் குரல் கொடுத்தவர், மூதாட்டி உருவில் மட்டுமே அதனைக் கொடுக்க முடிந்தது. தகடூர் ஔவையைக் கொண்டாடும் இப்பகுதியின் இலக்கிய அமைப்புகள் கொடுமுடி ஔவையையும் அவருடன் வைத்துக் கற்பதும், அவர் பாடிய பழைய இசைத்தட்டுகளைத் தேடிக் காப்பதும் கடமையாகும். விறலியின் பாட்டும் மூதாட்டியின் பாட்டும் ஒருசேரக் கேட்கப்படும்போதுதான் சுந்தராம்பாள் முழுமையாக மீண்டவர் ஆவார்.